மரக்காணம் வழியில் வெள்ளிக்கிழமை பிரியாணி

வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்றுதான் மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆளுக்கொரு வேண்டுதலைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மகளுக்கு வரன், மருமகனுக்கு வேலை, முழங்கால் வலி, லாட்டரி. லாட்டரிக்கு மாதாவிடம் கேட்க எனக்கு வாய் வராது என்று சொல்லிப் பார்த்தேன். வாயைத் திறக்க வேண்டாம், மெழுகுத்திரி மட்டும் ஏற்றினால் போதும் என்றார் அந்த மனுஷர். இத்தனையையும் சுமந்துகொண்டு இந்தியாவுக்கு வந்தவள், அந்த வாரம் முழுக்கச் சுற்றியது மரக்காணத்து உப்பளங்களைத்தான்.

காரணம் மாலதி. சென்னையில் வக்கீல். சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூரில் ஏதோ கூட்டத்துக்கு வந்திருந்தாள். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டது என்னுடைய கேட்டரிங். திரும்பத் திரும்ப ரசம் கேட்டு வருகிறவள் யாரென்று நிமிர்ந்து பார்த்தேன், அன்றிலிருந்து சிநேகிதி. சென்னையில் அவள் வீட்டில் பெட்டியை இறக்கியதுமே, "அக்கா, நாங்க அந்தப் பக்கமாத்தான் வண்டியில போறோம். வாங்களேன், பாண்டிச்சேரியில பஸ் ஏத்தி விடறேன்" என்றாள்.

வண்டி எதற்கு என்று பிறகுதான் சொன்னாள். ஆணை விரும்பும் ஆண்பிள்ளை, பெண்ணை விரும்பும் பெண்பிள்ளை, அரவாணிகள் என்று தெரிந்தால் ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிடுகிற கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் வாசலில் போய் நின்று, உள்ளே வந்து பேசலாமா என்று கேட்பது மாலதி கூட்டத்தாரின் வேலை. கோஷம் கிடையாது, பேனர் கிடையாது. கூடவே சாப்பாடு எடுத்துப் போவார்கள். பிள்ளைகள் வெளியே வந்தால் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். அந்த முறை போவது எல்லாம் கிறிஸ்தவக் கல்லூரிகள்.

"ஏன், நாங்கதான் உங்களுக்குக் கிடைச்சோமா?" என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

"மத்தவங்க காரணமே சொல்லாம அனுப்பிடறாங்கக்கா. உங்க ஆளுங்க வேத வசனம் சொல்லி அனுப்பறாங்க. வசனம் சொன்னா பதில் சொல்லலாம் இல்ல? அதுக்குத்தான் வசனம் தெரிஞ்ச ஒருத்தர் வண்டியில வேணும்."

எனக்குத் தெரிந்த வசனங்களைவிட எனக்குத் தெரிந்த சம்பல் வகைகள் அதிகம். ஆனாலும் சரியென்றேன். என் தம்பி செபஸ்தியானும் ஆணை விரும்புகிறவன்தான். சிங்கப்பூரில் இருக்கிறான். எங்கள் வீட்டில் அவன் கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் தாகம் எடுத்து அடுப்படிக்குப் போய்விடுவார்கள். அவனை வெள்ளைக்காரன் எழுதிவைத்த சட்டம் மலேசியா, சிங்கப்பூர் இரண்டு நாட்டிலும் அதே 377 என்ற எண்ணில்தான் மிரட்டிக்கொண்டிருக்கிறது. அவன் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். அதை அவனிடம் சொன்னதில்லை, சாம்பார்ப் பொடிதான் அனுப்புவேன்.

வண்டி சலீம் பாயினுடையது. ஏ.சி. இருக்கிறது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஜன்னலைத் திறந்தால்தான் அந்த ஏ.சி. வேலை செய்யும். பின்சீட்டில் கஜா. திண்டிவனத்துப் பக்கத்து அரவாணி, சென்னையில் மாலதியின் ஆபீசிலேயே வேலை. ஏறினதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மலேசியா அக்காவா? என்னக்கா, நம்மள விட கறுப்பா இருக்கீங்க" என்று ஆரம்பித்தாள். பத்து நிமிடத்தில் சிநேகமாகிவிட்டோம்.

எங்கள் ஊரில் நெடுஞ்சாலை என்றால் இரண்டு பக்கமும் செம்பனை மரம். பார்த்துக்கொண்டே வந்தால் தூக்கம் வரும். இங்கே ஒரு பக்கம் கடல் எட்டிப் பார்க்கிறது, மறுபக்கம் ஆடு குறுக்கே வருகிறது. தூங்க முடியாது. டீக்கடையில் நிறுத்தினார்கள். எங்கள் தே தாரிக் ஒரு குவளை குடித்தால் மதியம் வரை நிற்கும். இங்கே விரல் நீளக் கண்ணாடித் தம்ளர், வாய் நனைவதற்குள் தீர்ந்துவிடுகிறது. இரண்டு டீ கேட்டேன். கடைக்காரர் இன்னொரு ஆள் வருவார் என்று இரண்டாவதை மூடி வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டும் எனக்குத்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் அதைக் கஜாவுக்குக் கொடுத்தேன்.

முதல் கல்லூரியில் கதவு திறக்கவில்லை. வாட்ச்மேன், "ஃபாதர் ஊர்ல இல்லீங்க" என்றார். மாடி ஜன்னலில் ஒரு வெள்ளை அங்கி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "அப்ப அது யாருங்கண்ணே?" என்று கஜா கேட்டாள். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது வேற ஃபாதர்" என்றார். வெயிலில் ஓரமாக நின்றோம். வகுப்பு விட்டதும் சில பெண்கள் வந்து எலுமிச்சைச் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். பேச்சு சினிமாவில் தொடங்கி எங்கெங்கோ போய், கடைசியில் ஒருத்தி மட்டும் மாலதியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். இன்றைக்கு இவ்வளவு நடந்ததே பெரிசு என்றாள் மாலதி. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் சோற்றில் உப்பு கம்மி.

இரவு தங்கல் இடையஞ்சாவடியில், மாலதிக்குத் தெரிந்தவர் வீட்டில். ஆரோவில் பக்கத்திலேயே இருப்பதால் காலையில் அந்த ஊர் டீக்கடையில் வெள்ளைக்காரர்கள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி தன் கூட வந்தவரிடம் ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டாள்: "இங்கே எல்லோரும் எங்கே போகிறாய், எங்கே போகிறாய் என்றே கேட்கிறார்கள். நான் போகிற இடம் இவர்களுக்கு எதற்கு?" அவள் சொல்லி முடிக்கவில்லை, கடைக்காரர் எங்களைப் பார்த்து, "எங்கங்க போறீங்க?" என்றார். அனுமந்தை என்றேன். எனக்கு அப்படிக் கேட்டது பிடித்திருந்தது.

அனுமந்தையில்தான் சகாயராஜ் இருந்தான். அந்தப் பயணத்துக்கே அவன்தான் காரணம் என்று சொல்லலாம். பி.காம். கடைசி வருடம். திங்கட்கிழமை கடைசிப் பரீட்சைகள் தொடங்குகின்றன. கல்லூரி அவனை ஹாஸ்டலிலிருந்தும் அனுப்பிவிட்டது, ஹால் டிக்கெட்டையும் நிறுத்தி வைத்துவிட்டது.

போகிற வழியில் சலீம் பாய் குறுக்குவழி என்று உப்பளத்து வரப்பில் வண்டியை விட்டார். பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதன் மேல் வெயில். கறுப்புக் கண்ணாடி போட்டும் கண் கூசியது. எங்கள் வீட்டில் உப்பு பாக்கெட்டில் வரும், அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. உப்புக் கூடையோடு போன பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வந்து வண்டியைத் தள்ளினார்கள். அது தேர்தல் வருடம். "எந்தக் கட்சி வண்டிங்க? கலர் டிவி தர்ற கட்சியா?" என்றாள் ஒருத்தி. "நாங்க சோறு போடற கட்சி" என்றாள் கஜா. "அது எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் எல்லாரும்தான் போடறாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு தள்ளு தள்ளினாள், வண்டி ஏறிவிட்டது.

சகாயராஜின் வீடு, சுனாமிக்கப்புறம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. முன்பக்கம் மட்டும் வர்ணம் அடித்திருந்தது. அவன் ஒல்லியாக, சுத்தமாகத் தலைவாரி, நாங்கள் ஏதோ பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி நாற்காலி இரவல் வாங்கிப் போட்டு வைத்திருந்தான். நடந்ததை அவனே சொன்னான்.

தவக்காலத் தொடக்கத்தில் கல்லூரியில் தியானம் நடந்திருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், மனதைத் திறங்கள், பாரத்தை இறக்கி வையுங்கள், ஆண்டவர் காத்திருக்கிறார் என்று இரண்டு நாள் உருக்கியிருக்கிறார். மற்ற பையன்கள் சிகரெட் குடித்தது, காப்பியடித்தது என்று இறக்கி வைத்தார்கள். இவன் ஒருத்தன் நிஜமாகவே திறந்துவிட்டான். குருமடத்துக்குப் போகிறாயா என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த வார்டன் ஃபாதரின் அறைக்குப் போய், எனக்குப் பெண்கள் மேல் ஆசை இல்லை, ஆண்கள் மேல்தான், அதை மறைத்துக்கொண்டு நான் சாமியாராக முடியாது என்று சொல்லியிருக்கிறான். யாரோடு பழக்கம், யார் அந்தப் பையன் என்று கேட்டிருக்கிறார்கள். அதை மட்டும் சொல்லவில்லை. மறுநாள் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

"பாவசங்கீர்த்தனத் தொட்டியில சொல்லியிருந்தா வெளிய வந்திருக்காது," என்றான். "ரூம்ல சொன்னேன். அது என் தப்பு."

"அது தப்பு இல்ல தம்பி," என்றாள் மாலதி.

அதற்குள் அவன் அம்மா லூர்து மேரி மீன்கூடையோடு வந்துவிட்டாள். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள், கஜாவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள், நேராக உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். மகன் சொன்ன விஷயத்தை அவளுக்கும் ஃபாதர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கரா மீன் குழம்பு வைத்து எங்களுக்குப் போட்டாள். அவளும் மகனும் மோர் ஊற்றிக்கொண்டார்கள்.

"எங்களுக்குத் தவசு காலம், கவுச்சி இல்ல. நீங்க சாப்புடுங்க."

"நானும் கத்தோலிக்குதாங்க," என்றேன் குற்ற உணர்ச்சியோடு, வாயில் மீனை வைத்துக்கொண்டு.

"அதனால இன்னா. மீனுக்குத் தோஷமில்லன்னு சாமியே சொல்லிக்கிறாரு. நாங்கதான் ஒரு வைராக்கியத்துல வாயக் கட்டிக்கிறோம்."

இதைச் சலீம் பாய் பக்கத்திலிருந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவனம் மறுநாள் எங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தெரியவில்லை. குழம்பு அற்புதம். புளியும் மிளகாயும் சண்டை போடாமல் இருந்தன. கை கழுவும்போது லூர்து மேரி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யம்மா, நீங்க வந்ததுல அவன் பரீட்ச எழுதுவானா மாட்டானா, அத மட்டும் சொல்லுங்க. அவங்கப்பா கடலோட போனாரு. இந்த ஊட்ல காலேஜி வாசப்படி மிதிச்சது இவன் ஒருத்தன்தான். மத்தது எதுவும் எனக்கு வாணாம்."

எழுதுவான் என்று சொல்லிவிட்டேன். பாண்டிச்சேரியில் பஸ் ஏறுகிற எண்ணம் அந்தச் சொல்லோடு போயிற்று.

மறுநாள் சகாயராஜின் கல்லூரிக்குப் புறப்பட்டோம். நான் வண்டியில் நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வண்டிக்குள் பட்டை கிராம்பு வாசனை. பின்னால் ஒரு பெரிய தேக்சா. சலீம் பாயின் மச்சானுக்கு மரக்காணத்தில் பிரியாணிக் கடை. அந்தப் பையனுக்காகப் போகிறோம், எலுமிச்சைச் சோறு கொண்டுபோனால் மரியாதையாக இருக்காது என்று பாய் தன் செலவில் சிக்கன் பிரியாணி போடச் சொல்லியிருந்தார். கடற்கரைக்காரர்கள் பிரியாணியை ஜீரகச் சம்பாவில் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது என் தொழில் தர்மம். மூடியைத் தூக்கி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன்.

கல்லூரி வாசலில் இறங்கியபோது கோவிலிலிருந்து சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். தேக்சாவைத் திறந்ததும் வாசனை வளாகத்துக்குள் பாய்ந்தது. பையன்கள் நின்றார்கள். ஆனால் ஒருவன்கூட வரவில்லை. முந்தின கல்லூரியில் எலுமிச்சைச் சோற்றுக்கே கை நீண்டது, இங்கே பிரியாணிக்கு ஏன் நீளவில்லை என்று மாலதி குழம்பினாள். கடைசியில் ஒருவன் கம்பிக்கதவருகே வந்து மெதுவாகச் சொன்னான்.

"யக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம். இறைச்சியைத் தொடக்கூடாத நாள். விமானம், வண்டி, ஊர் மாற்றம் என்று கிழமையே எனக்கு மறந்து போயிருந்தது. வசனம் தெரிந்த ஆள் என்று அழைத்து வந்தார்கள், அந்த ஆள் வாயில் கோழிக்கால். மாலதியிடம் சொன்னேன். அவள் நெற்றியில் கை வைத்தபடி தேக்சாவின் மூடி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நேத்து அந்தம்மா தோஷமில்லன்னு சொன்னாங்களே," என்றார் சலீம் பாய். "அது மீனுக்கு, பாய்," என்றேன்.

அப்போதுதான் ஃபாதர் இன்னாசி வந்தார். அவர்தான் அந்த வார்டன். மாலதி வாரக்கணக்காகப் போன் செய்தும் பேச வராதவர், அங்கியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வேகவேகமாக வந்தார். வாட்ச்மேன் திறக்கத் தாமதித்ததால் அவரே கதவைத் திறந்தார்.

"என்ன மனுஷங்க நீங்க? எதிர்த்துப் பேசணும்னா பேசுங்க. அதுக்காக இந்த நாள்ல, பசியோட ஜெபம் முடிச்சு வர்ற பசங்க மூக்குல பிரியாணியக் காட்டி அவமானப்படுத்தணுமா?"

சலீம் பாய் அவர் முன்னால் கைகட்டி நின்றுவிட்டார். "மாஃப் பண்ணிடுங்க ஃபாதர். உங்களுக்கும் ரோஜா நோன்பு மாதிரி ஒண்ணு இருக்குதுன்னு நம்மளுக்கு யாரும் சொல்லல. எங்க ரம்ஜான்ல ஒருத்தன் வந்து இப்படி வாசல்ல தேக்சாவத் தெறந்தா நான் அடிச்சிருப்பேன். நீங்க அடிக்கல. இத நான்தான் கொண்டாந்தேன், இவங்க இல்ல."

ஃபாதர் கதவிலிருந்து கையை எடுத்தார். நானும் முன்னால் போய், "தோத்திரம் ஃபாதர், நான் கத்தோலிக்கு. கவனிக்காம இருந்தது என் தப்புதான்," என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஒரு துண்டு."

"தெரிஞ்சா, தெரியாமயா?"

"தெரியாமத்தான் ஃபாதர். ஆனா ருசியா இருந்துது."

உதட்டோரம் ஏதோ அசைந்தது, அடக்கிக்கொண்டார். "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்று திரும்பி நடந்தார். நானும் மாலதியும் போனோம். கஜா பின்னால் வந்தபோது வாட்ச்மேன் கையை நீட்டி, "அவங்க மட்டும் வேணாம்" என்றார். ஃபாதர் திரும்பிப் பார்த்தார், வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாட்ச்மேன் பக்கம் திரும்பினேன். கஜாதான், "போங்கக்கா, சண்டை வாணாம், பையன் காரியம் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டி நிழலுக்குப் போனாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வராண்டாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மாலதி வக்கீலாகப் பேசினாள். ஹாஸ்டலிலிருந்து அனுப்பலாம், பரீட்சையை எப்படித் தடுக்கலாம் என்று கேட்டாள். அவர் வசனம் சொல்வார் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன், சொல்லவில்லை.

"சகாயம் நல்ல பையன். அவன் ஊருக்கு நான் பத்து வருஷம் முன்னால பங்குச்சாமியா இருந்தவன். அவன எனக்குக் குழந்தையிலேருந்து தெரியும். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும் இல்லீங்களா? அவங்கம்மா முன்னால, தியானத்தப்ப நான் சொன்னது பொய், ஏதோ குழப்பத்துல உளறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ஹால் டிக்கெட்ட இப்பவே குடுக்கறேன்."

"அவன் சொன்னது உண்மைன்னு உங்களுக்கே தெரியும் ஃபாதர்."

"தெரியும்," என்றார் ஃபாதர்.

சலீம் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு போய் தாயையும் மகனையும் கூட்டி வந்தார். வருகிற வழியில் உப்பளத்துக் கொட்டகையில் நிறுத்தி தேக்சாவைக் காலி செய்துவிட்டார். வண்டியைத் தள்ளின பெண்கள் அங்கே இருந்தார்களாம். இது நிஜமாகவே சோறு போடுகிற கட்சிதான் என்று ஒப்புக்கொண்டார்களாம்.

லூர்து மேரி வராண்டாப் படியில் செருப்பை விட்டுவிட்டு, "தோத்திரம் சாமி" என்று கும்பிட்டாள். விஷயத்தைக் கேட்டாள். அவள் முகம் தெளிந்துவிட்டது.

"அவ்ளோதானா? சொல்லிடுடா. ஒரு வார்த்த தானே. காலைல புடிச்ச மீனுன்னு தெனம் சாயங்காலம் நான் சொல்றேன், வானமா இடிஞ்சி வுழுந்திச்சி?"

ஃபாதருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவளிடம் மீன் வாங்குகிறவர்களில் அவரும் ஒருவராக இருந்திருப்பார். மாலதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் மனதுக்குள் லூர்து மேரி பக்கம்தான். இந்தச் சம்பல் இப்போதுதான் அரைத்தது என்று சொல்லித்தானே என் பிழைப்பும் ஓடுகிறது. சொல்லிவிடு ராஜா, சொல்லிவிட்டு பரீட்சை எழுது, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தவித்தேன்.

சகாயராஜ் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான், மூடினான்.

"சொல்றேன் ஃபாதர். ஆனா ஒரு சந்தேகம்."

"கேளு."

"நான் பொய்யின்னு சொன்னா, அப்படிச் சொல்றதுதான் பொய். பாஸ்கு பண்டிகைக்கு முன்னால நான் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். உங்ககிட்ட சொன்ன பொய்ய உங்ககிட்டயே வந்து சொல்லணும். நீங்க மன்னிப்பு குடுக்கணும்னா, இனிமே இந்தப் பொய்ய சொல்ல மாட்டேன்னு பிரதிக்கினை பண்ணணும். பண்ணிட்டா, அடுத்த தடவ யாரு கேட்டாலும் உண்மையத்தான் சொல்லணும். நீங்க கேட்டாலும். சுத்திச் சுத்தி இதே வராண்டாவுலதான் வந்து நிப்பேன். அதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. கணக்கு ஒத்துவராமல் வாத்தியாரிடம் வந்து நிற்கிற பிள்ளையின் குரல். லூர்து மேரி, "டேய், அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்டா" என்று அவன் கையைப் பிடித்தாள். ஃபாதர் அவளைக் கையமர்த்தினார்.

"யாருடா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான் ஃபாதர். சின்ன வயசுல, புதுநன்மை வகுப்புல."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். திரும்ப மாட்டினார், திரும்பக் கழற்றினார். கோவில் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். மாலதி ஏதோ பேச வாயெடுத்தாள், நான் அவள் தொடையில் கிள்ளினேன்.

"திங்கக்கிழமை காலைல வந்துடு," என்றார் கடைசியில். "ஹாஸ்டல் கிடையாது. பஸ்ல வா, எழுது, பஸ்ல போ. ஹால் டிக்கெட்ட ஆபீஸ்ல வாங்கிக்கோ, நான் சொல்லிடறேன்." உள்ளே போனவர் திரும்ப வந்து என்னைப் பார்த்து, "அந்தத் துண்டுக்கு ஒரு ஜெபமாலை சொல்லிடுங்க" என்றார்.

வண்டியில் சண்டை. "இது என்ன நியாயம்? அவன் ஹாஸ்டல்ல இருக்கக்கூடாது, கஜா உள்ள வரக்கூடாது. அடுத்த வருஷம் வேற ஒரு பையன் இதே தூணப் புடிச்சிட்டு நிப்பான்," என்றாள் மாலதி. அவள் சொன்னது அத்தனையும் சரி. "இந்தக் காலேஜுல கதவு தெறந்துதே, அத மொதல்ல பாரு," என்றாள் கஜா, வெளியே உட்காரவைக்கப்பட்டவள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே சலீம் பாய் என்னிடம், வருகிற வெள்ளிக்கிழமைக்கு என்ன சமைக்கலாம் என்று சந்தேகம் கேட்டார்.

வேளாங்கண்ணியைத் தள்ளிப்போட்டேன். கிள்ளானுக்குப் போன் செய்தால் கடையில் இருக்கிற என் உதவியாள் மலாயில் பொரிந்து தள்ளினாள்: கல்யாண ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, உங்கள் மாதாவிடம் இன்னும் எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பீர்கள் என்று. மாதாவை இன்னும் பார்க்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நாங்களே அவனைக் கல்லூரியில் இறக்கினோம். லூர்து மேரியும் கூடவே வந்துவிட்டாள், கூடையோடு. ஏலத்துக்குப் போகவில்லையா என்றேன். "போனா மட்டும் கையி ஓடுமா" என்றாள். உள்ளே போகும்போது பையன்கள் அவனைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஒருவன் மட்டும் பேனா வேண்டுமா என்று கேட்டதைப் பார்த்தேன். பிறகு கதவு சாத்திக்கொண்டது.

வேலிகாத்தான் நிழலில் மூன்று பெண்களும் உட்கார்ந்தோம், நான், கஜா, லூர்து மேரி. மாலதி கோர்ட் வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தாள். "உங்க ஊர்ல வஞ்சிரம் கெடைக்குதா?" என்றாள் லூர்து மேரி. கிடைக்கும், தெங்கிரி என்போம் என்றேன். விலையைச் சொன்னதும் மார்பில் கை வைத்துக்கொண்டாள். கஜாவிடம், "உங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்காங்க, பேசறதில்லை என்றாள் கஜா. லூர்து மேரி தன் தண்ணீர்ச் சொம்பை எடுத்து முதலில் கஜாவிடம் நீட்டினாள்.

அவ்வளவு நேரத்திலும் மகன் சொன்ன அந்த விஷயத்தை அவள் தொடவே இல்லை. அவளுக்கு அது புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை, பரீட்சையோடு முடிந்துவிடும் என்று நினைக்கிறாள் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து போவது போல இவள் வஞ்சிரத்துக்குப் போகிறாள் என்று தோன்றியது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

பரீட்சை முடிந்து அவன் வந்தான். விரலெல்லாம் மை. "பாஸாயிடுவேன்" என்று எங்களிடம் சொன்னான், அதற்கு மேல் பேச முடியாமல் சிரித்தான். லூர்து மேரி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள், மூன்று வயதுப் பிள்ளைக்குச் செய்வதுபோல. அவன் நெளிந்தான். வண்டியை நோக்கி நடந்தோம். அவர்கள் இரண்டு பேரும் முன்னால், நானும் கஜாவும் ஓரடி பின்னால்.

பெண் எடுப்பதானாலும் கொடுப்பதானாலும் எங்கள் ஜனம் முதலில் விசாரிப்பது எந்தக் கோவில் பங்கு என்றுதான். சாதி, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு. அப்படி விசாரிக்கிற அதே குரலில், முகத்தைத் திருப்பாமல், லூர்து மேரி கேட்டாள்.

"அந்தப் பையன் எந்தப் பங்குடா?"

சகாயராஜ் நின்றுவிட்டான். "எந்தப் பையன்மா?"

"சாமி கேட்டப்ப பேரு சொல்லலியே, அவன்தான்."

கஜா என் கையைப் பிடித்தாள். அவன் தரையைப் பார்த்தான், கடல் பக்கம் பார்த்தான், பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"கடலூர்ப் பக்கம்மா."

லூர்து மேரி கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடலூரா," என்றாள். "ரொம்ப தூரமாச்சேடா."